ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் எல்லோரிடமும் போதகர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "ஜெபத்துல நினைச்சுக்கிறேன்." ஆனால் மனைவி இறந்த நாளிலிருந்து அவர் யாருக்காகவும் ஜெபித்ததில்லை. தனியறையில் முழங்கால் போட்டால் வார்த்தை வராது. மேடையில் பழக்கதோஷத்தில் ஓடிவிடும் என்பதால் சபைக்கு இது தெரியாது.

சபையைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார். சபையார் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகுதான் போதகர் அவர் வீட்டுக்குப் போனார்.

"வரத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சிருங்க."

"என்ன தாமதம்? தினமும் காலையில வந்து ஜெபிச்சிட்டுத்தானே போறீங்க," என்று தையற்காரர் சிரித்தார். "மேடையில அந்த இழுப்பு இழுக்கிறவரு, இங்க மட்டும் சட்டுனு முடிச்சிடுறீங்க ஐயா."

போதகர் திரும்பி, மருந்து எடுத்துவந்த மகளைப் பார்த்தார்.

"நான்தானே கதவு திறந்து விடுறேன்," என்றாள் அவள். "இன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணும் புரியல. அப்பாவை விட்டுட்டு உங்க பேரையே சொன்னீங்க. 'ஆண்டவரே, இவனை எனக்குக் கொடுத்துடும்'னு அழுதீங்க."

போதகர் எழுந்துவிட நினைத்தார்.

"ஜெபிங்க ஐயா," என்று தையற்காரர் கண்களை மூடினார். மகளும் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலைகுனிந்தாள். போதகர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத இடத்திலிருந்து, அவருடைய குரல் அவருடைய பெயரைச் சொல்லி நிதானமாக ஜெபிக்கத் தொடங்கியது.

அது முடிந்ததும் அப்பாவும் மகளும் மனதார "ஆமென்" என்றார்கள்.