பூசணிக்காய் என்று நினைத்து

"சேலை எனக்கு வேணாம்ணா. தெரியாம கேட்டுட்டேன்."

போனில் பிலிப் இப்படிச் சொன்னதும் வின்சென்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்து இன்னும் பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை.

"இன்னாடா தெரியாம? முப்பதாயிரம்டா! மைக்குல மூணு வாட்டி சொல்லிட்டுத்தானே முடிச்சேன்?"

"பூசணிக்காய்னு நெனச்சிகினு கேட்டுட்டேன்."

"பூசணிக்காய்க்கா முப்பதாயிரம்?"

"போன வருசம் ஒத்த முட்டை நாலாயிரத்துக்குப் போவலயா? காணிக்கைதானேன்னு ஏத்திகினே போய்ட்டேன். இங்க டவர் சரியில்ல. வீடியோ பூசணிக்காய்லயே நின்னுடுச்சி. சேலை வந்ததே தெரியல."

வின்சென்ட் சர்ச் சபைக் கமிட்டியின் செயலாளர். வருடா வருடம் ஏலம் விடுவது அவர்தான். நிலத்தில் விளைந்ததையும் தறியில் நெய்ததையும் சனங்கள் காணிக்கையாக வைப்பார்கள். ஏலத்தில் வரும் பணம் கோயிலுக்கு. ஊரை விட்டுப் போனவர்களும் கலந்துகொள்ளட்டும் என்று இப்போதெல்லாம் போனிலும் ஏலம் நடக்கிறது. அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் தொகையைப் போடப் போட, வின்சென்டின் மனைவி ஜாய்ஸ் அதைச் சத்தமாகப் படிப்பாள்.

சந்தவாசல்காரர் ஒருவர் வைத்த பூசணிக்காய்க்கு அடுத்து வந்தது, நெசவுக்காரி சாரா வைத்த வெள்ளைப் பட்டுச் சேலை. பெங்களூரில் இருக்கும் டாக்டரம்மா ஒருவரும், சென்னையில் டியூட்டியில் இருந்த பிலிப்பும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கடைசியில் டாக்டரம்மா ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு விலகிக்கொண்டார்.

"அப்ப டாக்டரம்மாவுக்கே குடுத்துட வேண்டியதுதானே?" என்றாள் ஜாய்ஸ்.

"விதி இடம் குடுக்காது."

பழைய விதி அது. விலையை ஏற்றிவிட்டு அடுத்தவர் தலையில் கட்டும் வேலை ஒரு காலத்தில் நடந்ததால் பெரியவர்கள் எழுதி வைத்தது. எடுத்தவர் பின்வாங்கினால் பொருள் வைத்தவருக்கே திரும்பிப் போய்விடும். எடுத்தவர் பாதித் தொகையை அபராதமாகக் கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்குக் கமிட்டித் தேர்தலில் நிற்கவும் முடியாது.

அடுத்த மாதம் தேர்தல். பிலிப் நிற்பதாக இருந்தான். வீடு வீடாகப் போய் அவனுக்காகப் பேசியதே வின்சென்ட்தான்.

"டேய், பேசாம சேலைய எடுத்துக்கோ. உங்கம்மாவுக்குக் குடு. இல்லன்னா யாருக்காவது குடு. பேரக் கெடுத்துக்காத."

"வேணாம்ணா. அபராதம் அனுப்பிடறேன்."

அனுப்பியும் விட்டான். ஆனாலும் விஷயம் குழுவுக்குப் போய்விட்டது.

'பூசணிக்காய்க்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியலயாம். இவன்லாம் ஆரணியில பொறந்தவனா?'

'கல்யாணத்துக்குப் பொண்ணுக்குப் பூசணிக்காயக் கட்டி உட்டுடப் போறான், பாத்து!'

'ஆண்டவரையே டபாய்க்கிறவன், நாளைக்குக் கமிட்டிப் பணத்த இன்னா பண்ணுவான்?' என்று கேட்டிருந்தார் சின்னதுரை. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.



மறுநாள் சாயங்காலம் வின்சென்ட் சேலையை எடுத்துக்கொண்டு சாரா வீட்டுக்குப் போனார். உள்ளே அவள் புருஷன் தாவீது தறியில் உட்கார்ந்திருந்தான். சாரா சேலையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"காணிக்கையா வெச்சத எப்டிண்ணா திருப்பி வாங்கறது? இவரு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில கெடந்தப்போ, வீட்ல இருக்கறதுலயே நல்ல பொருள வெக்கறேன்னு பொருத்தனை பண்ணேன். இதோ, எழுந்து வந்து தறி போட்டுகினு இருக்காரு. நான் பேச்சு மாறலாமா?"

"நீ எங்கம்மா மாறின? நீ வெச்சிட்ட. எடுத்தவன்தான் ஓடிட்டான். விதிப்படி இது உனுக்குத்தான். கோயில்ல வெச்சிக்க எனக்கு உரிமையே இல்ல."

"விதியே அப்டித்தானா?"

"கமிட்டி புஸ்தகத்தக் கொண்டாந்து காட்டட்டுமா?"

 சாரா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளேயிருந்து அவள் மகள் டயானா வந்தாள். அம்மா கையிலிருந்த சேலையை எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உனுக்குத் தையில கல்யாணம் இல்ல? சேலை எடுத்தாச்சா?" என்றார் வின்சென்ட்.

சாரா தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டயானாதான் பதில் சொன்னாள்.

"இதுதான் மாமா. எனக்குன்னு அம்மா நெய்தது."

வின்சென்ட் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார். கமிட்டியின் முடிவைப் பிலிப்புக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போன் போட்டார்.

"சேலைய சாராகிட்ட குடுத்துட்டேன். உன் பேரத் தேர்தல்லருந்து எடுத்தாச்சி. உன்னால இன்னொரு பேஜாரும் வந்திருக்கு. இனிமே யாராவது பின்வாங்கினா, பொருள் ரெண்டாவதா கேட்டவங்களுக்கே போறாப்புல விதிய மாத்தணும்னு கமிட்டில பேசிகினு இருக்காங்க."

இவ்வளவு நேரம் ம், ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பிலிப் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"வேணாம்ணா! அபராதத்த வேணா முழுசா ஆக்கிக்கச் சொல்லுங்க, அந்த விதில மட்டும் கை வெக்க வேணாம். நான் சேலைய எடுத்து நேரா குடுத்திருந்தா சாராக்கா வாங்கியிருக்கவே மாட்டாங்க."