லிங்கன் பேசப் போறார்

“ஆர்லீன், கொஞ்சம் வாயை மூடு! லிங்கன் பேசப் போறார்.”

டெல்பர்ட் ஹாக் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், மீசையை மழித்துவிட்டுத் தாடையில் மட்டும் விட்ட தாடி, கறுப்புக் கோட்டு, தலையில் புகைபோக்கி போல ஒரு தொப்பி. டயர் கடை வைத்திருப்பவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“காதால கேக்கப்போற கதைக்குத் தொப்பி எதுக்கு?” சமையலறையிலிருந்து ஆர்லீன் கேட்டாள். “அந்தக் கோட்டுல அடிக்கிற அந்துருண்டை வாசனையும் பிள்ளைங்களுக்குக் கேக்குமா?”

“தொப்பி இருந்தாத்தான் எனக்குக் குரல் வரும். உனக்கு அதெல்லாம் புரியாது. உன் குரலுக்கு எதை மாட்டினாலும் ஒண்ணுதான்.”

ஆர்லீனின் குரல் அப்படி. மெல்லிசாகக் கிளம்பி, உச்சிக்கு ஏறி, இறங்க மனமில்லாமல் அங்கேயே நிற்கும். அவள் வாசலில் நின்று நாயைக் கூப்பிட்டால் பக்கத்துப் பண்ணை நாயும் வந்து வாலாட்டும். தேவாலயப் பாட்டுக் குழுவில் சேரப் போனவளை, ‘நீங்க கேக் மட்டும் செஞ்சு கொண்டு வாங்க, போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். டெல்பர்ட் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

ஆனால் இன்றைக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை. இல்லினாய் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், பிப்ரவரியில் லிங்கன் பிறந்தநாள் ஊர்வலம் என்றால் லிங்கன் அவர்தான். அந்த ஊர்வலத்தையே போன வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். மனுஷன் துவண்டுபோய்க் கிடந்தபோதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை மிஸ் கிம்பால் போன் செய்தாள். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, லிங்கன் கதையை ஒலி நாடகமாகப் பதிவு செய்யப் போகிறாளாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் போடுவார்களாம். இதுவும் கைநழுவிப் போனால் இனி அவர் வெறும் டயர்காரர்தான்.

மிஸ் கிம்பால் மைக்கும் கையுமாக வந்தாள்.

“ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்றாங்க, மிஸ்டர் ஹாக். எதிரொலி இல்லாத இடம் ஏதாவது இருக்கா?”

கோட்டுகள் தொங்கும் சுவர் அலமாரிதான் இருந்தது. டெல்பர்ட் உள்ளே நுழைந்தபோது தொப்பி கம்பியில் இடித்து, குளிர்கால உடுப்பெல்லாம் அவர் தோளில் சரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றவில்லை. மிஸ் கிம்பாலும் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

“நண்பர்களே! கொஞ்சம் கிட்ட வாருங்கள்!” என்று முழங்கினார் டெல்பர்ட்.

மிஸ் கிம்பால் காதில் மாட்டியிருந்ததைப் பதறிப்போய்க் கழற்றினாள். “கிட்ட யாரும் வர மாட்டாங்க, மிஸ்டர் ஹாக். ஓடிப்போயிருவாங்க. கொஞ்சம் மெதுவா.”

“லிங்கன் குரல்னா அப்படித்தாம்மா. இடி மாதிரி இருக்கணும். சின்னப் பிள்ளையிலேர்ந்து எனக்குத் தெரியாதா?”

மிஸ் கிம்பால் பதிவுப் பொத்தானை அமுக்கினாள்.

“நண்பர்களே—”

“டெல்பர்ட்! சோள ரொட்டி ஆறிப்போகுது!”

சாத்திய கதவு, கம்பளிக் கோட்டுகள் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வந்தது ஆர்லீனின் குரல். டெல்பர்ட்டின் முகம் சிவந்தது.

“மன்னிச்சுக்கோம்மா. இந்தக் குரலோடதான் நான் குடும்பம் நடத்துறேன். வேணும்னா இன்னிக்கு மட்டும் அவ தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

“வேண்டாம், வேண்டாம்.” மிஸ் கிம்பால் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “மிஸஸ் ஹாக், இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன். சத்தம் எப்படி விழுதுன்னு பார்க்கணும்.”

சந்தேகத்தோடு ஆர்லீன் இன்னொரு தடவை சொன்னாள். வெளியே எங்கோ ஒரு நாய் குரைத்தது.

“பார்த்தியாம்மா?” என்றார் டெல்பர்ட். “இதை வச்சுக்கிட்டு என்னத்தைப் பதிவு பண்ணுவே?”

மிஸ் கிம்பால் பதிவானதைப் போட்டுக் கேட்டாள். மறுபடி கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

“லிங்கன் குரல் கிடைச்சிருச்சு!”

டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அலமாரியை விட்டு வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி, ஊர்வலத்தில் செய்வதுபோலக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து பார்த்தபோது மிஸ் கிம்பால் அவரைத் தாண்டிச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“கையைத் துடைச்சுக்கிட்டு வாங்க, மிஸஸ் ஹாக். லிங்கன் பேசினதை நேர்ல கேட்டவங்க எழுதி வச்சிருக்காங்க. இடி மாதிரியெல்லாம் இல்லையாம். மெல்லிசாக் கீச்சுனு இருக்குமாம். ஆனா எவ்வளவு பெரிய கூட்டமா இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேருமாம்.”

“அப்ப நான்?” என்றார் டெல்பர்ட்.

“போர்க்களக் காட்சி ஒண்ணு இருக்கு, மிஸ்டர் ஹாக். அதுக்கு ஒரு பீரங்கி வேணும்.”

“பீரங்கியா? இது என்ன அநியாயம்! இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு—”

ஆர்லீன் வந்து அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டுகளை விலக்கி அலமாரிக்குள் நுழைந்தாள்.

“கொஞ்சம் வாயை மூடு, டெல்பர்ட்,” என்றாள். “லிங்கன் பேசப் போறார்.”