பெயர் போடாத கடிதம்

கல்லூரி முழுக்க ஒரே மாதிரி கம்ப்யூட்டர் என்று முதல்வர் உத்தரவிட, நாற்பது வந்து இறங்கின. தன்னுடையது தெரியட்டும் என்று அதில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார் தாவரவியல் ஆசிரியை செண்பகவல்லி. முந்தாநாள் கோபத்தில் பெயர்கூடப் போடாமல் அதில் ராஜினாமாக் கடிதம் அடித்தார். இன்று மனசு மாறி அழிக்க வந்தால், மேசையிலிருந்த கம்ப்யூட்டரில் கடிதமே இல்லை.

“பொட்டு வச்சது எங்கண்ணே?”

“நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிப் பொட்டு வச்சாச்சு டீச்சர்,” என்றார் அட்டெண்டர் காசிலிங்கம். “ஒண்ணுக்கு மட்டும் வச்சா மத்தது கோவிச்சுக்காதா? அப்புறம் கைக்கு வந்தத அங்கங்க வச்சிட்டேன்.”

முப்பத்தொன்பதிலும் தேடிவிட்டு முதல்வர் அறைக்கு ஓடினார் செண்பகவல்லி.

“வாங்கம்மா. இத நான் எப்ப அடிச்சேன்னே தெரியல,” என்று திரையைக் காட்டினார் முதல்வர். “ஆனா எல்லாம் நெசமாத்தான் இருக்கு.”

கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடத் தொடங்கினார்.