தோற்கடிக்க ஓர் ஆள்

மெதெர்பெக் படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

எதிரே உட்கார்ந்திருந்த கிடங்கு மேற்பார்வையாளர் தொக்தொசுன், ஒன்பது குழிப் பலகையிலிருந்து இன்னும் ஒரு கை காய்களை அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டார். "கவனிச்சு ஆடுங்க தம்பி. ஒண்ணாங் கிளாஸ் படிக்கிற என் பேத்தி இதைவிட நல்லா ஆடுவா."

தம்பி! மெதெர்பெக்கின் காதில் தேன் பாய்ந்தது. அப்பா நாட்டின் அதிபராகி ஐந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மகனான இவரை 'ஐயா' என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். போன வாரம்வரை தொக்தொசுனும்தான்.

அந்த ஐந்து வருஷத்தில் மெதெர்பெக் குழி ஆட்டத்தில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. மந்திரிகள் தோற்றார்கள், நீதிபதிகள் தோற்றார்கள். தேசிய சாம்பியனே வந்து, "கண்ணாடியை வீட்லயே மறந்துட்டேன் ஐயா" என்று சொல்லித் தோற்றுப் போனார். அந்த மனிதர் கண்ணாடியே போடுவதில்லை.

மனைவி ஜிபார்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் வெடித்தாள். "நீங்க தும்மினாக்கூட 'ஆகா, என்ன ராகம்'னு தலையாட்டுற ஆளுங்களை வெச்சுக்கிட்டு எப்படிங்க கம்பெனி நடத்துவீங்க? விற்பனை வருஷா வருஷம் படுத்துக்கிட்டே போகுது, ஒருத்தனாவது ஏன்னு சொன்னானா? உங்களை முகத்துக்கு நேரா தோக்கடிக்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடிங்க. அவனைப் பொது மேலாளராப் போடுங்க. உண்மையை எல்லாம் நான் ஒருத்தியே எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டு இருக்கிறது?"

மெதெர்பெக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. தலைநகர் பிஷ்கெக்கில் புளித்த குதிரைப்பாலைப் பாட்டிலில் அடைத்து விற்கிற அவர் கம்பெனி உண்மையிலேயே ஆட்டம் கண்டிருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஓர் ஊழியரை அறைக்கு அழைத்து விளையாட ஆரம்பித்தார். கைப்பேசியை அணைத்துவிடுவார். ஆட்டம் முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது, செயலாளர் மட்டும் தேநீர் கொண்டுவரலாம். எதற்காக இந்த ஆட்டம் என்று யாருக்கும் சொல்லவில்லை.

பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேரும் தோற்றார்கள். கணக்காளர் ஒருபடி மேலே போய், முதலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தன் காய்களையே எடுத்து அவர் குழியில் போட்டார்.

இன்று பன்னிரண்டாவது ஆள் தொக்தொசுன். வந்ததே அரை மணி நேரம் தாமதம்.

"ஏன் லேட்டு?" என்றார் மெதெர்பெக்.

"கேன்டீன்ல எல்லாரும் டிவி பாத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் நின்னுட்டேன்."

பேருந்து கிடைக்கவில்லை, பாட்டிக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் கிடையாது! மெதெர்பெக் அப்போதே அசந்துபோனார்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது தேநீர் நேரம் வந்தது. செயலாளரைக் காணோம். ஓரமாக இருந்த கெண்டியைத் தொக்தொசுன் கண்ணால் காட்டினார்.

"வயசுல சின்னவங்கதானே ஊத்தணும்? ஊத்துங்க."

மெதெர்பெக் எழுந்து போய்த் தன் கையாலேயே ஊற்றினார். ஊற்றி எத்தனை வருஷமோ, கோப்பை விளிம்புவரை நிறைந்துவிட்டது.

"என்ன தம்பி இது, அரைக் கோப்பை ஊத்துறதுதானே மரியாதை? வழிய வழிய ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம். உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

மெதெர்பெக் பள்ளிப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளுக்குள் கூத்தாடினார். கடைசிச் சோதனையாக ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம கம்பெனி குதிரைப்பால் எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

"குதிரைக்குத் தெரிஞ்சா கேஸ் போடும்."

"அவ்வளவு மோசமா?"

"பாதிக்குப் பாதி தண்ணி. நீங்க பண்டிகைக்குக் குடுத்த பாட்டிலை என் பொண்டாட்டி ஜன்னல் துடைக்க வெச்சிருக்கா. அதுக்கும் சரிப்படலை."

மெதெர்பெக் அவசரமாக ஒரு குழிக் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் போட்டார். தொக்தொசுன் காத்திருந்தவர்போல அதில் ஒரு குழியைச் சுத்தமாக வழித்து எடுத்தார்.

"எண்பத்திரண்டு. பாதிக்கு மேல காய் என்கிட்ட வந்தாச்சு. ஆட்டம் முடிஞ்சுது. தோத்துட்டீங்க."

மெதெர்பெக் துள்ளி எழுந்து மேசையைச் சுற்றி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பலகை கீழே விழுந்து காய்கள் அறையெங்கும் உருண்டன. கண்ணில் நீர் முட்டியது.

"இன்னிலேர்ந்து நீங்கதான் இந்தக் கம்பெனிக்குப் பொது மேலாளர்! அஞ்சு வருஷத்துல இப்படி ஒருத்தரை நான் பாக்கலை அண்ணே. என் அப்பா யாருன்னு தெரிஞ்சும் எனக்குப் பயப்படாத ஒரே மனுஷன் நீங்கதான்!"

அவர் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்ட தொக்தொசுன், முதன்முறையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு அவரைப் பார்த்தார்.

"உங்கப்பா காலையிலேயே ராஜினாமா பண்ணிட்டாரே தம்பி, உங்களுக்குத் தெரியாதா?"