மஞ்சளுக்கு டிக்கெட் இல்லை

அவித்த முட்டையை அம்மா இரண்டாகப் பிளந்தாள். மஞ்சள் கருவை நோண்டித் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெள்ளையை மட்டும் கட்டில் பக்கம் நீட்டினாள்.

"மஞ்சளுக்கு இன்னிக்காவது டிக்கெட் உண்டா?" என்றார் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"கொலஸ்ட்ராலை வெச்சுக்கிட்டு மஞ்சள் கேக்குதா? பேசாம சாப்பிடுங்க."

"பார்த்தியா, உங்கம்மா அநியாயத்தை!" அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்பாவைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

"தினம் ஒரு முழு முட்டை சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னு இப்ப டாக்டருங்களே சொல்றாங்கம்மா. அவர் பார்க்கப் பார்க்க நீ முழுங்குறே. உனக்கே நல்லா இருக்கா?"

"முதல்ல நெஞ்சு வலி வந்ததிலிருந்து இப்படித்தான். நீ உன் வேலையைப் பாரு."

இதற்கு மேல் இவளிடம் பேசிப் பயனில்லை என்று மகள் பின்கட்டுக்குப் போய் டாக்டருக்கே போன் செய்தாள்.

"அப்பாவுக்கு மஞ்சள் கரு கொடுக்கலாமா, டாக்டர்?"



"அம்மா உங்ககிட்ட சொல்லலையா? இதயம் ரொம்பத் தளர்ந்துடுச்சு. இனிமே நாளைத்தான் எண்ணணும். அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கன்னு போன வாரமே அம்மாகிட்ட சொல்லிட்டேனே."

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சமையலறைக்கு ஓடினாள்.

"தெரிஞ்சும் கொடுக்க மாட்டேங்கிறியே, நீயெல்லாம் மனுஷியா?"

அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் மெல்லச் சொன்னாள்.

"தொண்டையில இறங்கலைடி எனக்கு. தினமும் சண்டை போட்டுத் தர மாட்டேன்னவ, திடீர்னு முழுசாக் கொடுத்தா அவர் யோசிக்க மாட்டாரா? காலமெல்லாம் கண்டக்டரா இருந்தவர்டி. இறங்குற இடம் வந்துடுச்சுன்னு அவருக்கா தெரியாது?"



"அங்க என்ன ரகசியம்?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "நாளைக்காவது மஞ்சள் உண்டா, இல்லையா?"

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினாள்.

"கிடையவே கிடையாது! பேத்தி கல்யாணத்துக்கு நீங்க இருக்க வேணாமா?"