வசனம் சொன்னவர்

பங்குத் தரகருக்கு அந்தப் பழைய படம் தலைகீழ்ப் பாடம். பேராசைக்காரக் கதாநாயகன் போனை எடுத்து, "எல்லாத்தையும் வாங்கு" என்பான். இவரும் கூடவே சொல்வார். உடனே போலீஸ் வந்து அவனுக்கு விலங்கு மாட்டும். மனைவிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இன்று டிவியில் கதாநாயகன் போனை எடுத்தான், பேசவில்லை. யாரோ எடுப்பதற்காகக் காத்திருந்தான். உள்ளறையில் வீட்டுப் போன் அடித்தது. தரகர் எழுந்துபோய் எடுத்தார்.

"எல்லாத்தையும் வாங்கு" என்றார், பழக்கதோஷத்தில்.

திரையில் கதாநாயகன் பெருமூச்சுவிட்டுப் போனை வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். போலீஸ்காரர்கள் வந்து காலி நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!"

"இரு, இரு. லைன்லயே இருக்கச் சொல்றாங்க."

அவர் குரல் வந்த பக்கம் போலீஸ்காரர்கள் தலையைத் திருப்பினார்கள்.