லிவ்வின் தூக்கம்

“ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம்! ஒரு முனகல்கூட இல்ல. இதுக்குப் பேருதான்டா தூக்கம்,” என்றான் ஹோல்கர், காபிக் கோப்பையைப் பார்த்தபடி.

தோர்பெனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருமே பிள்ளை வளர்க்க விடுப்பு எடுத்த அப்பாக்கள். ஆர்ஹுஸ் நகரத்தின் அந்தக் காபிக் கடையில் தினமும் இதே ஜன்னலோர மேசைதான். தள்ளுவண்டிகள் வெளியே, பனியில். குழந்தைகள் அவற்றுக்குள் தூங்கும். ஊரில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் தூங்கின, தோர்பெனின் மகன் அக்செலைத் தவிர. இருபது நிமிடத்தில் தெருவையே எழுப்பிவிட்டு, இப்போது அப்பா மடியில் உட்கார்ந்து ரொட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“உன் பொண்ணுக்கு பீர் கீர் ஊத்திட்டியா?”

“வளர்ப்புடா, வளர்ப்பு.”

“போன வாரம் லிவ் கத்தின கத்துல இந்தக் கண்ணாடியே ஆடிச்சு. அப்ப எங்கடா போச்சு உன் வளர்ப்பு?”

“அதானே!” என்றாள் கல்லாவிலிருந்த பிர்கித். “சத்தமே இல்லாம, எனக்குத்தான் காது போச்சோன்னு பாத்தேன்.”

ஹோல்கர் எழுந்து வெளியே போனான். போர்வையைச் செருகினான், வண்டியை நாலு ஆட்டு ஆட்டினான், திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“முகத்தப் பாத்தியா?”

“பாத்தா முழிச்சுக்கும்.”

“பால்?”

“அப்புறம்.”

தோர்பெனுக்குக் கிண்டல் வற்றிப்போனது. வெளியே மைனஸ் ஆறு. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது: கை சில்லென்று இருந்தால் பயமில்லை, பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள், அது சூடாக இருக்க வேண்டும்.

“நான் போயி பிடரியத் தொட்டுப் பாத்துட்டு வரேன்.”

“உக்காருடா!” ஹோல்கர் அவன் சட்டையைப் பிடித்தான். “எம் பொண்ணு. எனக்குத் தெரியும்.”

“என்னத்தத் தெரியும்? மூச்சு விடறாளான்னுகூடப் பாக்காம பெருமை பீத்திக்கிட்டிருக்க! கையை எடு!”

அக்செலை பிர்கித்தின் கையில் திணித்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் தோர்பென் வெளியே ஓடினான். “தொடாதடா!” என்று ஹோல்கர் பின்னாலேயே ஓடிவந்தான்.

தோர்பென் போர்வைக்குள் கையை விட்டான். சில்லென்றிருந்தது. இன்னும் உள்ளே விட்டான். அங்கேயும் சில்லென்றிருந்தது.

“ஹோல்கர்... ஆம்புலன்ஸுக்கு...”

“கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க.” ஹோல்கர் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடினான். அவன் மூக்கு சிவந்திருந்தது. குளிரால் மட்டும் அல்ல.

“உள்ள தலையணைதான்டா, யாரும் இல்ல. காலைலதான் லிவ்வைப் பகல்நேரக் காப்பகத்துல சேத்துட்டு வந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம உள்ள தவழ்ந்து போயிட்டா. எனக்குத்தான் வண்டியைத் தள்ளாம நடக்க வரல.”